கலைமகள் வெளியே புறப்படும் ஊர்

(பத்மநாபபுரத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விரும்பிப் படிக்கும் நூல், பக்கத்து ஊர்களுக்கு ஓர் உலா, சிறிது விளையாட்டு, நாள்தோறும் செய்யும் வேலை ஆகிய நான்கும் இன்றைய உரையின் பொருள். கேட்பதற்கு எளிய பொருள்தான். மாலையில் திண்ணையில் அமர்ந்து யார் வேண்டுமானாலும் பேசத்தக்கது. ஆயினும் இந்நான்கும் வீட்டில் உள்ள எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்த்தனவா என்று வினவினால் திண்ணைப் பேச்சு சற்றே நின்றுவிடும். அவ்வினாவுக்கு விடை தேடுவதற்குப் பத்மநாபபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை. கலைமகளே ஆண்டுக்கு ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே புறப்படும் ஊர் இது.

கலைமகளின் உலா

கல்குளம் என்று வழங்கிய இவ்வூர், மார்த்தாண்ட வர்மர் காலத்தில் பத்மநாபபுரம் எனப் பெயர் பெற்றது. 1795ஆம் ஆண்டை ஒட்டித் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரசு மாறிய பின்னர் நவராத்திரி விழாவும் மாறியது. ஆனால் அரண்மனை வளாகத்துத் தேவாரக்கட்டில் குடிகொண்ட சரஸ்வதி இவ்வூரைவிட்டு நிலையாகப் பெயரவில்லை. விழாவுக்குச் சென்று, விழா முடிந்ததும் திரும்பி வருவது வழக்கமாயிற்று. இத்திருமேனி கம்பர் வழிபட்டது என்றும், அவரிடமிருந்து சேர மன்னரிடம் வந்தது என்றும் மக்கள் நம்புகின்றனர். அந்நம்பிக்கையில் வரலாறு எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்க, கலைமகளைக் கம்பரோடு இணைத்துப் பார்த்த ஊரின் மனம் போற்றத்தக்கது.

புரட்டாசியில் நவராத்திரி நெருங்கும்போது, உப்பரிகை மாளிகையில் உள்ள உடைவாள் கைமாற்றப்படும் சடங்கு நிகழும். பின்னர் சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலுமாகப் புறப்படுவர். முதல் இரவு குழித்துறையில், அடுத்த இரவு நெய்யாற்றின்கரையில் தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் நீடிக்கிறது. எனவே இரு மாநிலக் காவலர்களும் அணிவகுத்து மரியாதை செய்யக் கலைமகள் எல்லையைக் கடக்கிறாள். வழி நெடுகிலும் வீட்டு வாசல்களில் விளக்கேற்றி வைத்துப் பெண்கள் காத்திருப்பர்.

இவ்வுலாவை அரண்மனைக்குள் இருக்கும் பழைய நவராத்திரி மண்டபத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். கருங்கல் தூண்களும் கண்ணாடி போன்று பளபளக்கும் கரிய தரையும் கொண்ட அம்மண்டபத்தில் ஆடலும் பாடலும் நிகழ்ந்தன. அரச குடும்பத்துப் பெண்கள் மரச் சட்டகத்தின் சிறு துளைகள் வழியே அவற்றைக் கண்டனர். அவர்கள் உள்ளேயிருந்து பார்க்கலாம். அவர்களைப் பிறர் பார்த்தல் ஆகாது. அரசியர்க்கே துளை வழியாகத்தான் கலை கிடைத்தது என்றால், மற்றப் பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. கலைக்குத் தெய்வமாக ஒரு பெண்ணை யானைமீது ஏற்றிய காலமே, கலையை அறிய விரும்பிய பெண்ணைச் சட்டகத்தின் பின்னே நிறுத்தியும் வைத்தது.

விளையாட்டு

அரண்மனை முற்றத்தில் உருண்டைக் கல் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 38 கிலோ எடை உள்ளது என்பர். படையில் சேர விரும்பிய இளைஞர் அதனைத் தலைக்கு மேலே 101 முறை தூக்கிக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டு, சுற்றுலா வரும் பள்ளி மாணவர்கள் வியந்து நிற்பர். தென்பாண்டி நாட்டு ஊர்களில் இளவட்டக்கல் என்று வழங்குவதும் இத்தகைய கல்லே. விளையாட்டே தேர்வாகவும், தேர்வே வேலையாகவும் ஆனதற்கு இக்கல் சான்றாகிறது.

பெண்களுக்கும் கல் இருந்தது. சங்க இலக்கியத்தில் கழங்கு என்றும், ஊர்ப்புறத்தில் ஐந்து கற்களை எறிந்து பிடிக்கும் ஆட்டம் என்றும் அது தொடர்ந்து வந்துள்ளது. ஓரை, வண்டல், பந்து, ஊசல் எனப் பெண்களின் ஆட்டங்களைச் சங்கப் புலவர் நிரம்பப் பாடியுள்ளனர். அப்பாடல்களிலேயே இற்செறிப்பு என்னும் துறையும் உண்டு. பருவம் வந்த பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவைப்பதே இற்செறிப்பு. காதல் வளர்ச்சியில் ஒரு கட்டம் என்றே உரையாசிரியர்கள் அதனை விளக்குவர். ஆனால் நற்றிணையின் 68ஆம் பாடலில் வரும் தோழி அதனை வேறு விதமாகவும் நோக்குகிறாள். தோழியரோடு கூடி விளையாட விடாமல் இளம்பெண்களை அடைத்து வைத்தல் அறத்துக்கும் பொருந்தாது, குடும்பத்தின் ஆக்கத்துக்கும் கேடு என்பது அவள் கருத்து. இதனை அன்னையிடம் எடுத்துச் சொல்வார் இல்லையே என்று அவள் ஏங்குகிறாள். சொல்வார் இருந்தால் புதுவெள்ளத்தில் நீராடிவரலாம் என்று ஆசைப்படுகிறாள்.

தலைவன் கேட்கும்படி தோழி பேசிய பேச்சு அது என்று திணை, துறை அறிந்தோர் கூறுவர். அது உண்மையே. எனினும் அவள் கையாண்ட சொல் ‘அறம்’ என்பது கருதத்தக்கது. விளையாட்டும் உலாவும் ஒரு பெண்ணுக்கு இல்லாமற் போவதை அறத்தின் பெயரால் கேட்கலாம் என்னும் துணிவு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் பதிவாகிவிட்டது. அன்னையிடம் சொல்வார் யார் என்ற அவளது கேள்விதான் நெடுங்காலம் விடையின்றி நின்றது.

நூல்

அக்கேள்வி பத்மநாபபுரத்திற்கு மிக அருகிலேயே 1964ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. தக்கலையை அடுத்த புலிப்புனத்தைச் சேர்ந்த ஹெப்சிபா ஜேசுதாசன் அவ்வாண்டில் ‘புத்தம் வீடு’ நாவலை வெளியிட்டார். அவர் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அந்நாவலின் தலைவி லிஸி, பெருமை பேசிக்கொண்டே நலிந்துவரும் ஒரு குடும்பத்தின் பெண். கண்ணப்பச்சியின் செல்லப் பேத்தியாகத் துள்ளித் திரிந்த சிறுமி, வளர்ந்ததும் வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். பள்ளி நிற்கிறது, வெளியுலகம் நிற்கிறது. அவள் மனம் நாடிய தங்கராஜ் ஒரு பனையேறியின் மகன். பனையும் அக்கானியும் கருப்புக்கட்டியும் மணக்கும் அந்தக் கதை, ஒரு பெண் தன் வீட்டு வாசலைக் கடப்பதற்கு எத்தனை ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது என்பதையே சொல்கிறது.

லிஸி புரட்சி முழக்கம் எதனையும் எழுப்பவில்லை. காத்திருக்கிறாள், ஆனால் தன் விருப்பத்தைக் கைவிடாமல் காத்திருக்கிறாள். நற்றிணைத் தோழியின் ஏக்கத்தை உரைநடையில் எழுதியவர் எனத் தமிழ் ஆய்வாளர்கள் ஹெப்சிபா அவர்களைக் கருதலாம். அவர் 2012ஆம் ஆண்டு மறைந்தார். அவர் நடந்த சாலைகளில்தான் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் நடக்கின்றனர்; அவர்களுள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நாஞ்சில் நாட்டுக்கும் அதனைச் சூழ்ந்த பகுதிக்கும் நூல் வளம் குறைவில்லை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியப் பணியோடு கவிதைப் பணியும் செய்தார். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்ற நூலில், பழைய சொத்துரிமை முறையால் துன்புற்ற ஒரு பெண்ணையே பேச வைத்தார். இரணியலைக் களமாகக் கொண்டு நீல பத்மநாபன் எழுதிய ‘தலைமுறைகள்’ 1968இல் வந்தது. கணவன் வீட்டாரின் பழியால் வாழ்விழந்த அக்காளுக்காகத் தம்பி துடிக்கும் கதை அது. தேங்காய்ப்பட்டினத்தின் வாழ்வைத் தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யாக்கினார். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியும், வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடனும் தமிழ் நாவலுக்குப் புதிய தடம் அமைத்தனர்.

இவர்களின் பிழைப்பையும் நோக்க வேண்டும். நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர். தோப்பில் மீரான் மிளகாய் வற்றல் வணிகர். சுந்தர ராமசாமி துணிக்கடை நடத்தினார். நாஞ்சில் நாடன் மும்பையில் விற்பனைத் தொழிலில் அலைந்தவர். வேலை அவர்களது எழுத்தைத் தடுத்துவிடவில்லை. எழுத்துக்கு வேண்டிய மனிதர்களை அதுவே கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் வேலை முடிந்த பிறகு ஆண்களுக்கு ஒரு மாலைப்பொழுது இருந்தது. தேநீர்க்கடையும், நூலகமும், நண்பரோடு நடக்கும் நடையும் இருந்தன. பெண்ணின் வேலை முடியும் பொழுது எது என்பதை எந்தக் கடிகாரமும் காட்டியதில்லை. அதையும் மீறி எழுதியவர் ஹெப்சிபா என்பதாலேயே அவர் நூல் தனிச் சிறப்புப் பெறுகிறது.

உலா

பத்மநாபபுரத்தைச் சுற்றி உலாவுக்குக் குறைவில்லை. கோட்டைக்கு வெளியே சற்றுத் தொலைவில் உதயகிரி. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுப் பின் அவர் படைக்கே தலைவரான டச்சு வீரர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. வேளிமலை அடிவாரத்தில் குமாரகோவில். பரளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் மாத்தூர்த் தொட்டிப்பாலம். அப்பால் திற்பரப்பு அருவியும் பேச்சிப்பாறை அணையும். விடுமுறை நாளில் பேருந்துகள் நிரம்பி வழிகின்றன.

கூட்டம் குறைந்த ஓர் இடமும் உண்டு. மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலை அது. பழைய பெயர் திருச்சாரணத்து மலை. பாறையில் செதுக்கிய சமணத் திருமேனிகளைக் காண்போர் பலர். கல்வெட்டை நினைப்போர் சிலர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு, அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் அம்மலையின் பகவதிக்குப் பொன் அணிகலன்கள் அளித்த செய்தியைத் தருகிறது. குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இவ்வூரிலிருந்து ஒரு பகல் நடையில் எட்டிவிடக்கூடிய மலையில், கற்ற பெண் ஒருவர் சமய ஆசிரியராக மதிக்கப் பெற்றார். அவர் பெயர் கல்லில் பொறிக்கவும் பெற்றது.

பெண் கல்வி அண்மைக் காலத்தில் வெளியிலிருந்து வந்த புதுமை என்று கருதுவோரை அம்மலைக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். மிக நன்றாகப் படிக்கும் மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தலாமா என்று தயங்கும் பெற்றோரையும் அழைத்துச் செல்லலாம். ஓர் உலா செய்யும் வேலையைச் சில வேளை பத்துச் சொற்பொழிவுகளாலும் செய்ய இயலாது.

வேலை

நவராத்திரியின் முடிவில் வரும் ஆயுத பூசையன்று நூலும் கருவியும் ஒரே பீடத்தில் அமர்கின்றன. அன்று மாணவன் படிப்பதில்லை. தச்சர் உளியைத் தொடுவதில்லை. ஓட்டுநர் வண்டியைக் கழுவிச் சந்தனம் இடுகிறார். அறிவும் உழைப்பும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை அல்ல என்பதை இதைவிட அழகாகக் காட்டும் வழக்கம் அரிது. ஆனால் அன்றும் ஓய்வு பெறாத கருவி ஒன்று உண்டு. அடுக்களையில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பொட்டு இடுவார்கள்; அதன் பின் அவற்றுக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. சுண்டலும் பாயசமும் யார் கையால் ஆகின்றன? இளைஞர் 101 முறை தூக்கிய கல்லை அரண்மனையில் காட்சிக்கு வைத்தனர். பெண்கள் வாழ்நாளெல்லாம் சுழற்றிய கல்லின் கணக்கை எவரும் எடுக்கவில்லை. இன்று மின்கருவி வந்திருக்கிறது. ஆட்டுக்கல் ஓய்ந்தது, ஆட்டுவார் ஓய்ந்தாரா என்பதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இம்மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பெண்கள் பெருந்தொகையாக முந்திரி ஆலைகளில் உழைக்கின்றனர். ஊர் வழக்கில் அதற்கு ‘அண்டி ஆபீஸ்’ என்று பெயர். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு மாலையில் பேருந்துக்கு நிற்கும் அப்பெண்களிடம், “நூல் படியுங்கள்” என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. அவர்கள் வீடு சேர்ந்ததும் அடுப்பு காத்திருக்கிறது. அவர்கள் நூலிடம் வர இயலாவிட்டால், நூல் அவர்களிடம் போவதே முறை.

அதற்கு வழி உண்டு. கியூபா நாட்டின் ஹவானா நகரில் 1865ஆம் ஆண்டு முதலே சுருட்டுத் தொழிற்கூடங்களில் ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றினர். படிப்பவருக்குத் தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். பக்கத்துக் கேரளத்தில் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளர்களும் அவ்வாறே செய்தனர். ஒருவர் படிப்பார், அவர் பங்குக்கு உரிய பீடியை ஏனையோர் சுற்றிக் கொடுப்பர். கை வேலையில் இருக்க, காது நூலில் இருந்தது. எழுத்தறியாதவரும் இவ்வாறு இலக்கியம் அறிந்தனர்.

தக்கலைக்கும் இது புதிதன்று. நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர் என்று மரபு கூறும் ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை, ஆண்டுதோறும் தர்காவில் மக்கள் கூடியிருந்து இரவெல்லாம் ஓதுகின்றனர். ஏடு ஒருவர் கையில் இருந்தாலும் பாட்டு ஊர் முழுவதற்கும் உரியது என்பதை அவ்விரவு ஆண்டுதோறும் உணர்த்திவருகிறது.

இலக்கிய வட்டத்தின் கடமை

திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் முன்னிலையில் சுவாதித் திருநாள் மன்னரின் கீர்த்தனைகளைப் பாடுவது நெடுநாள் மரபு. ஆனால் அங்குப் பாடும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. பாறசாலை பொன்னம்மாள் 1924இல் பிறந்தவர். கலைமகள் ஊர்வலம் கடந்து செல்லும் வழியில் உள்ள ஊரின் பெயர் அவர் பெயரோடு சேர்ந்தே வழங்கியது. இசைக் கல்லூரியில் பயின்று, பலருக்கு இசை கற்பித்து, கல்லூரி முதல்வராகவும் விளங்கினார். அம்மண்டபத்தில் முதன்முதலாகப் பாடிய பெண்மணி அவரே. அது நிகழ்ந்தது 2006ஆம் ஆண்டில். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்துவிட்டிருந்தார். 2021இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார்.

பாடத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, பாட்டின் தெய்வத்தின் முன் பாட எண்பது ஆண்டுகள் ஆயின. அவருக்கு அது வாய்த்தது. எண்பது ஆண்டுகள் வாழாமல் மறைந்தவர்களின் குரலை எவரும் கேட்டதில்லை. ஆகவே வாசல் திறப்பதில் காலம் தாழ்த்துவதும் ஒருவகை மறுப்பே என்பதை அமைப்புகள் உணர வேண்டும்.

பத்து ஆண்டு நிறைவு என்பது கணக்குப் பார்க்கும் காலம். இவ்விலக்கிய வட்டம் பல நல்ல நூல்களை அறிமுகம் செய்தது, இளம் கவிஞர்களை மேடையேற்றியது, அது பாராட்டுக்குரியது. வருகைப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். அதில் பெண்களின் கையெழுத்து எத்தனை, ஆலைத் தொழிலாளர் கையெழுத்து எத்தனை என்பதை அப்பதிவேடு மறைக்காது சொல்லும். பெண்கள் ஆர்வமின்றி வராதிருக்கிறார்கள் என்று முடிவு கட்டுமுன், மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவில் முடியும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எந்தப் பேருந்தில் எந்த ஊருக்குத் திரும்ப இயலும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதினோராம் ஆண்டுக்கு நான்கு செயல்களை இவ்வட்டம் மேற்கொள்ளலாம். முதலாவது, மாதக் கூட்டத்தைப் பிற்பகலில் தொடங்கி, பொழுது சாயுமுன் முடித்தல். தாய்மார் பிள்ளைகளோடு வரவும், பிள்ளைகள் பல்லாங்குழியோ கிட்டிப்புள்ளோ ஆடிக்கொண்டிருக்கவும் இடம் செய்தல். இரண்டாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு நூலைத் தம் தெருவில் ஒரு பெண்ணின் கையில் சேர்த்து, படித்த பின் அவர் கருத்தைக் கேட்டு வருதல். அந்த முதல் நூல் ‘புத்தம் வீடு’ ஆகலாம். மூன்றாவது, ஆலைகளின் இசைவு பெற்று, நண்பகல் உணவு வேளையில் அரைமணி நேரம் கதை படித்துக் காட்டுதல். நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவியரைச் சிதறால் மலைக்கு அழைத்துச் சென்று, குணந்தாங்கிக் குரத்தியின் பெயரைக் கல்லின் அருகில் நின்று சொல்லித் தருதல். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வாரத்தில் சில மணி நேரம் போதும்.

வரும் புரட்டாசியிலும் கலைமகள் யானைமீது புறப்படுவாள். குழித்துறையில் ஓர் இரவு தங்கி, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, விழா முடிந்ததும் பத்மநாபபுரத்துக்குத் திரும்புவாள். விளக்கேற்றி வாசலில் நிற்கும் பெண்களும் அவ்வாறே வெளியே சென்று, கேட்டு, படித்து, விளையாடி, மகிழ்வோடு வீடு திரும்பும் நாள் வர வேண்டும். நற்றிணைத் தோழி, அன்னையிடம் எடுத்துச் சொல்வார் யார் என்று தேடினாள். அச்சொல்லைச் சொல்லும் பொறுப்பு இலக்கியம் பேசும் ஒவ்வோர் அமைப்புக்கும் உண்டு. அப்பொறுப்பை இவ்விலக்கிய வட்டம் ஏற்று, இருபதாம் ஆண்டு விழாவில் நிமிர்ந்து கணக்குக் காட்ட வாழ்த்துகள்.